பாதி

என் மோட்டார் சைக்கிளின் பெற்றோல் முள்
எப்போதும் பாதியில் நிற்கும்.
அடித்தாலும் பாதி, வற்றினாலும் பாதி.
கொட்டாஞ்சேனைக் குழிகளில் மட்டும்
யாரோ கூப்பிட்டதுபோல் ஒருதரம் துள்ளி
மறுபடி வந்து குந்திக்கொள்ளும்.

பின்பெட்டியில் பற்கள்.
சாந்தில் வார்த்த, பெயர் ஒட்டிய பற்கள்.
வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, பொரளைக் கிளினிக்குகளிலிருந்து
கிராண்ட்பாஸ் ஆய்வுகூடத்துக்கு
நாளுக்கு மூன்று நடை.
மேல்தாடை ஒரு பையில், கீழ்த்தாடை ஒரு பையில்,
இடையில் நேற்றைய பேப்பர்.
அங்கே அரை மில்லிமீற்றர் பிசகினால்
திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

பஞ்சிகாவத்தையில் நிஸ்தார் நானா
தாங்கியைத் தட்டினார், காதை வைத்தார்.
"உள்ளுக்குள்ள மிதவை சிக்கியிருக்கு.
ஜப்பான் சாமான் பதினாறாயிரம். சைனா நாலு.
சைனா போட்டாலும் பொய்தான் சொல்லும்,
ஆனா வேற பொய்."
பிளேன்டீ வாங்கித் தந்தார்.
குடித்துவிட்டுப் பழைய பொய்யோடு வந்தேன்.

சிவப்பு விளக்கில் நிற்கும்போது
இடுப்பால் ஆட்டிப் பார்ப்பேன்.
சளக் என்றால் இன்றைக்குப் போதும்,
சொளக் என்றால் யோசிக்க வேண்டும்.
பக்கத்தில் நூறாம் இலக்க பஸ் உறுமினால்
எதுவும் கேட்காது.
விளக்குமாற்றில் முறித்த ஈர்க்கை
மூடி திறந்து விட்டுப் பார்த்திருக்கிறேன்:
நனைந்த அடையாளம்
வெளிச்சத்துக்குத் தூக்குவதற்குள் காய்ந்துபோகும்.

பற்றரி செத்த ஒரு காலையில்
சீற்றைக் கழற்றினேன்.
அடியில் மார்க்கர் பேனையில்
முந்திய சொந்தக்காரன் பிரியங்கரவின் எழுத்து:
500 ரூபாய் – 160.
விற்கும்போது இதே முள்ளைக் காட்டி
"அரைத் தாங்கி இருக்கு,
அதுவும் சேர்த்துத்தான் இந்த விலை" என்றவன்.

கோபம் வந்தது. பிறகு, சொன்னால் வெட்கம்,
நம்பிக்கையும் வந்தது.
இவனும் ஆட்டியிருக்கிறான்,
இவனும் எங்கோ நின்று தள்ளியிருக்கிறான்,
பிறகு கணக்குப் பார்த்திருக்கிறான்.
ஐந்நூறுக்கு அடித்தேன்.
நூற்றறுபதை மனசில் வைத்துக்கொண்டு போனேன்.

எழுபத்தோராவது கிலோமீற்றரில்,
மருதானைப் பாலத்து ஏற்றத்தில், மழைக்குள்
எஞ்சின் இரண்டு தரம் இருமி ஓய்ந்தது.
அவன் எழுதிய காலத்து ஐந்நூறு
வேறு ஐந்நூறு.
எனக்கு எப்படி அது தோன்றாமல் போனது?
பாண் வாங்கும்போது தெரிகிறதே,
பருப்பு வாங்கும்போது தெரிகிறதே.

பெட்டியில்
திருமதி அருள்நேசம், மேல், அவசரம்.

முச்சக்கர வண்டிக்காரன் ஒருவன்
கேட்காமலே பக்கத்தில் வந்தான்.
"மல்லி, நியூட்ரல்ல விடு."
வலது காலை நீட்டி
என் பின் பெடலில் பாதத்தை ஊன்றினான்.
இரண்டு வண்டியும் ஒரு எஞ்சினில் போயின.
ரப்பர் செருப்பு, நனைந்த சாரம்,
முழங்காலில் பழைய தழும்பு.
அந்தக் கால் நடுங்கவே இல்லை.
பின்னால் பஸ்காரன் திட்டிய சிங்களம்
எங்கள் இருவருக்கும் பொதுவாய் விழுந்தது.

செட்டில் இறங்கிக் கேட்டான்,
"முள் எவ்வளவு காட்டினது?"
பாதி என்றேன்.
சிரித்துக்கொண்டு தன்னுடையதைக் காட்டினான்.
முள் இருந்த இடத்தில் ஓர் ஓட்டை.
ஓட்டைக்குள்
சுருட்டி வைத்த லொத்தர் சீட்டு.
காசு நீட்டினேன், வாங்கவில்லை.
"இன்னொரு நாள் நீ தள்ளு."

அருள்நேசத்தின் பற்கள் இருபது நிமிடம் பிந்தின.
ஆய்வுகூடத்துப் பெடியன் பிரித்துப் பார்த்து
நனையவில்லை என்றான், அவ்வளவுதான்.

அன்றிரவு சீற்றைத் திரும்பக் கழற்றி
அவனுடைய வரியை வெட்டாமல்
கீழே என் வரியை எழுதினேன்:
500 ரூபாய் – 70. திகதியும் போட்டேன்.
இன்னும் நாலைந்து வரிக்கு இடமிருக்கிறது.

சாவியை உருவினேன்.
முள் விழவில்லை.