தன்மை ஒருமை

மொழிபெயர்ப்பாளருக்கு முதல் விதி:
'அவள் சொல்கிறாள்' என்று சொல்லாதே.
அவள் 'நான்' என்றால் நீயும் 'நான்'.

கோதன்பர்க்கில் நவம்பர். மூன்றரை மணிக்கே இருட்டு.
என் சமையலறை மேசையில் ஒலிவாங்கி, ஆறிய தேநீர்.
தொலைபேசியின் அந்தப் பக்கம்
ஹவேயோ, இருபத்திரண்டாம் வாரம்.
மருத்துவச்சி குன்வோர் காகிதம் புரட்டும் சத்தம்.

குன்வோர் கேட்கிறாள். நான் கேட்கிறேன்:
எப்போது நடந்தது, நினைவிருக்கிறதா?

ஹவேயோ சொல்கிறாள். நான் சொல்கிறேன்:
எனக்கு ஏழு வயது.
புராவ் ஊருக்கு வெளியே, விடியுமுன்.
வேலமுள்ளால் தைத்தார்கள்.
நாற்பது நாள்
கால்களைச் சேர்த்துக் கட்டிவைத்திருந்தார்கள்.
அந்த வருடம்தான் முதல் செருப்பு வாங்கித் தந்தார்கள்.

செருப்பு மட்டும் அவளுடையது.
எனக்குக் கிடைத்தது வளையல்.
மற்றபடி ஒரு சொல்லையும்
நான் மொழிபெயர்க்கவில்லை.

குன்வோருக்கு அவசரமில்லை.
மரத்துப்போக ஊசி போடுவேன், என்கிறேன்.
தழும்பை நடுவில் கீறித் திறப்பேன்.
இரு விளிம்பையும் தனித்தனியே தைப்பேன்,
பிள்ளை வரும் நாளில் தாறுமாறாய்க் கிழியாமலிருக்க.
பிறந்தபின் மூடித் தரமாட்டேன்.
யார் வந்து கேட்டாலும்.

'திறப்பேன்' என்ற இடத்தில் தடுக்கினேன்.
எங்கள் மொழியில்
மணவிலக்குக்கும் அதே வினைதான்.
ஹவேயோ சிரித்துவிட்டாள்:
"யாரை அக்கா, என்னையா, அவரையா?"
விதிப்படி அதையும் சொன்னேன்.
குன்வோர் சற்று யோசித்து
"இருவரையும் இல்லை" என்றாள்.

மூன்று வாரம் கழித்து அதே எண்.
வலி? குறைந்துவிட்டது.
எரிச்சல்? தண்ணீர் ஊற்றிக்கொண்டே போனால் இல்லை.
பிறகு அவளாகவே:

"எனக்குச் சத்தம் கேட்கிறது.
சிறுநீர் போகும்போது.
தகரக் கூரையில் மழை மாதிரி.
ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.
குழாயை யார் திறந்துவிட்டது என்று
அவர் வெளியிலிருந்து கத்தினார்."

எனக்குச் சத்தம் கேட்கிறது, என்றேன் ஸ்வீடிஷில்.
ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, என்றேன்.
பத்தொன்பது வருட வேலையில்
இலக்கணம் பிசகாமல் நான் சொன்ன முதல் பொய்.

குன்வோர் நன்றி சொன்னாள், இருவருக்கும்.
படிவத்தில் முப்பது நிமிடம் என்று குறித்தேன்.
குளியலறைக் கதவைத் தாழிட்டு
உட்கார்ந்தேன்.

சொட்டு.

பிறகு, வெகுநேரம் கழித்து,

சொட்டு.