பேரிக்காய் மரமாக நின்ற அரைமணி

ஜனவரி கடைசியில் இங்கே மண் கல்.
முளைக்குச்சி இறங்காது.
கடப்பாரை மட்டும் 'டங்' என்று
ஒற்றைச் சொல் சொல்லித் திரும்பி வரும்.
ஆகவே ஸைகா என்னை நடுகிறாள்.

"இன்னும் இரண்டடி இடப்பக்கம், உல்டிஸ்!"
சமையலறை ஜன்னலைத் திறந்து கத்துகிறாள்.
உருளைக்கிழங்கு வேகும் ஆவி
அவள் தலைக்கு மேலே வெள்ளையாய் வெளியேறுகிறது.
கையில் கட்டம் போட்ட தாள்.
ஒரு கட்டம் ஒரு மீட்டர்.
அதில் நான் ஒரு வட்டம்,
உள்ளே 'பே' என்று எழுதியிருக்கிறாள்.
பேரிக்காய்க்குத்தான் அந்தப் 'பே' என்கிறாள்,
நான் கேட்காமலே.

கைகளை விரிக்கச் சொன்னாள், விரித்தேன்.
வளர்ந்த மரத்துக்கு இந்த உயரம் போதாதாம்.
வைக்கோல் கிளறும் நீளக் கம்பைத்
தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தேன்.
மைனஸ் பதினான்கு.
மூக்குமுடி ஒவ்வொன்றும் ஊசி.
என் பூட்ஸை உரசிக்கொண்டு
ஒரு முயலின் காலடித் தடம்
நாங்கள் திட்டமிட்ட அத்தனை பாத்திகளையும்
குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது.
அது எங்களை ஒன்றும் கேட்கவில்லை.

போன குளிர்காலம்
பனிக்கடியில் சுரங்கம் போட்டு வந்த வயல் எலிகள்
பதினோரு ஆப்பிள் கன்றுகளின் பட்டையைச்
சுற்றிச் சுற்றிக் கடித்துவிட்டன.
பனி உருகிய ஏப்ரலில்தான் தெரிந்தது,
ஒவ்வொன்றின் அடியிலும் வெள்ளை வளையம்.
இலைகூட விட்டன சில,
விஷயம் இன்னும் மேலே போய்ச் சேராததால்.
வெட்டி அடுப்பில் வைத்த இரவு
வீடு முழுக்க ஆப்பிள் வாசனை,
ஒரு பழம்கூடத் தராத மரத்திலிருந்து.
ஸைகா அன்று பேசவில்லை.
மறுநாள் கம்பிவலைக்கு விலை கேட்டாள்.

"கேரட் பாத்திமேல் விழுகிறாய்!"
என் நிழலைச் சொல்கிறாள்.
நண்பகலிலும் சூரியன்
வேலிக்கு மேல் எழ மனமில்லாமல் கிடக்கிறது.
என்னிலிருந்து எட்டு எட்டு வைக்கும் தூரம்
நீலமாய் நீண்டிருக்கிறேன்.
நகர்ந்தேன்.
"இப்போது தேன்பெட்டிகள் மேல்!"
அழித்து அழித்துத் தாளில் ஓர் ஓட்டை,
சரியாகக் கிணறு இருக்க வேண்டிய இடத்தில்.
"ஜூன் மாதம் நான் இவ்வளவு நீளம் இருக்க மாட்டேன்"
என்று கத்தினேன்.
ஜன்னலில் பென்சில் நின்றது.
"அட, ஆமாம்."
கேரட் பழைய இடத்துக்கே வந்தது.
நானும்.

பனி ஒதுக்கும் டிராக்டரில் குன்டிஸ் வந்தான்.
நிறுத்தினான். எஞ்சினை அணைத்தான்.
வெகுநேரம் பார்த்தான்.
"என்ன செய்கிறாய்?"
"பேரிக்காயாக இருக்கிறேன்."
"எந்த ரகம்?"
"இன்னும் முடிவாகவில்லை."
"குளிர் தாங்குகிற ரகமாக இரு" என்றான்.
கிளம்பும்போதுதான்
தொப்பியைத் தூக்கி, சும்மா சொல்வதுபோல்,
"ஒற்றைப் பேரி காய்க்காதே, தெரியுமல்லவா?
பூக்கும். அதோடு சரி."

எனக்குத் தெரியாது.
ஸைகாவுக்குத் தெரிந்திருக்கிறது,
ஆனால் தாளில் இடம் இல்லை,
ஓர் ஆப்பிளைக் கைவிட மனமும் இல்லை.
பதினொன்றை இழந்தவளிடம்
பத்தோடு நிறுத்து என்று யார் சொல்வது?

ஜன்னல் சாத்தியது.
கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை.
கம்பு பிடித்த கை மரத்துப்போனது
(மரத்துப்போவது என்ற சொல்லின் அர்த்தம்
அன்றுதான் முழுதாகப் புரிந்தது).
பிறகு கொட்டகைப் பக்கமிருந்து வந்தாள்,
என் பழைய கோட்டில்,
துடைப்பத்தைத் தலைகீழாய்ப் பிடித்தபடி.
ஆறு மீட்டரை எண்ணி நடந்தாள்.
நின்றாள். கைகளை விரித்தாள்.

எட்டிப் பார்த்தேன், விரல் தொடவில்லை.
"தொடக்கூடாது" என்றாள்,
"வேருக்கு இடம் வேண்டும், காற்று போக வேண்டும்.
மிச்சத்தைத் தேனீ பார்த்துக்கொள்ளும்."
முதல் காய்க்கு ஏழு வருஷமாம்.
எனக்கு அப்போது அறுபத்தாறு.
அதை எழுத அந்தத் தாளில் கட்டம் இல்லை.

இரண்டு நிழல்களும் பனிமேல்
பக்கத்தில் பக்கத்தில் வடக்கே போயின.
சரியாக இருக்கிறதா என்று
ஜன்னலிலிருந்து பார்த்துச் சொல்ல
இப்போது யாரும் இல்லை.
உருளைக்கிழங்கு அடிப்பிடிக்கும் வாசனை வந்ததும்
பேரிக்காய் மரங்கள் இரண்டும்
வீட்டை நோக்கி ஓடின.