ஒட்டுக்குக் கீழே

ஃப்ளோரிடாவிலிருந்து அட்டைப்பெட்டியில் வந்தாள் மல்லிகா.
நீலத்தின் மகள். உயரம் மூன்றடி.
தண்டில், ஒரு சாண் உயரத்தில், ஒட்டுப்போட்ட தழும்பு.
'மல்லிகாவுக்குத் தண்ணி காட்டிட்டு வரேன்' என்று
சுகவனம் போனில் சொன்னதை
அரைகுறையாய்க் கேட்ட என் அண்ணி
இரண்டு வாரம் என்னிடம் ரொம்ப அன்பாய்ப் பேசினாள்.

பியர்லாண்ட் மண் மழையில் சேறு, வெயிலில் சட்டி.
மேடு கட்டி, வடகாற்று படாத சுவரோரம் நட்டோம்.
வேலிக்கு மேல் தெரியும் எதற்கும் அனுமதி வேண்டுமென்று
குடியிருப்போர் சங்கம் கடிதம் போட்டது.
அவள் வேலியைத் தொடவே
நான்கு வருடம் எடுத்துக்கொண்டாள்.

ஐந்தாம் வருடம் பதினொரு காய்.
எட்டை அணில் தின்றது.
ஒன்று வெம்பி விழுந்தது.
மிச்சம் இரண்டை மூன்று பேர் தின்றோம்.
கொட்டையை யார் சப்புவது என்பதில்
கல்யாணமான பதினேழு வருடத்தில் முதன்முறையாக
அவர் விட்டுக்கொடுத்தார்.

அடுத்த பிப்ரவரி
தொலைக்காட்சியில் டெக்சஸ் முழுக்க ஊதா நிறம்.
'குண்டு பல்பு வேணும், இந்த எல்.இ.டி. வெளிச்சம்தான் தரும்,
சூடு தராது' என்று குதித்தார்.
மின்சாரம் மிச்சமென்று நான் தானம் கொடுத்திருந்த
பழைய கிறிஸ்துமஸ் சரத்தை
குட்வில் கடையில் தேடிப்பிடித்து
எட்டு டாலருக்குத் திரும்ப வாங்கினேன்.
பெட்டிமேல் என் கையெழுத்து.

கிளைகளுக்குள் சரத்தைச் சுற்றி
மேலே போர்வை, அதன்மேல் கூடாரத் துணி,
எல்லாவற்றுக்கும் மேலே
என்னைக் கேட்காமல் எடுத்த என் வளைகாப்புப் புடவை.
சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தேன்:
வயிற்றுக்குள் சிவப்பும் பச்சையும் எரிய
பனியில் நின்றாள்.

இரண்டு மணிக்கு ஊருக்கே கரண்ட் போனது.
ஃப்ரிட்ஜ் நின்றது. ஹீட்டர் நின்றது.
தோட்டத்தில் அவள் இருட்டானாள்.
கேஸ் அடுப்பில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு
குக்கரோடு ஓடி ஓடிப்போய்
புடவைக்குள் வைத்துவிட்டு வந்தார்.
மூன்று ஸ்வெட்டருக்குள்ளிருந்து நறுமுகை கேட்டாள்:
'எனக்கு யாரு சுடுதண்ணி வைப்பா?'

மார்ச்சில் இலையெல்லாம் அப்பளமாய் நொறுங்கியது.
பட்டையை நகத்தால் கீறிக்கொண்டே கீழிறங்கினார்.
பழுப்பு.
பழுப்பு.
பழுப்பு.
தழும்புக்கு இரண்டு விரல் கீழே,
பச்சை.

'அது மல்லிகா இல்லை, வேர்ச்செடி.
வெறும் நாரும் புளிப்பும்தான் வரும்.
பிடுங்கிவிட்டுப் புதிது வையுங்கள்,
இருபது சதவீதம் தள்ளுபடி தருகிறேன்' என்றான் நாற்றுப்பண்ணைக்காரன்.
மண்வெட்டியோடு போன சுகவனம்
நெடுநேரம் நின்றுவிட்டு
களை பிடுங்கிவிட்டு வந்தார்.

எவர் தின்று எறிந்த கொட்டையோ.
முளைத்ததும் தலையைச் சீவி
இன்னொருத்தியைத் தாங்கச் சொன்னார்கள், தாங்கியது.
நாங்கள் மல்லிகாவுக்கென்று ஊற்றிய ஒவ்வொரு குடம் தண்ணீரையும்
முதலில் குடித்தது இதுதான்.

இந்த ஜூலையில் காய்த்திருக்கிறது.
முட்டை அளவு. பழுத்தும் பச்சை.
கடித்தால் ஒரு கண் தானாக மூடிக்கொள்ளும் புளிப்பு.
அணில் ஒன்று வந்தது, ஒன்றைக் கடித்தது,
மற்ற அணில்களிடம் சொல்லியிருக்க வேண்டும்.
நாற்பத்தாறும் எங்களுக்கே.

கார் சாவியைச் சுழற்றிக்கொண்டு வந்த நறுமுகை
'சே' என்று துப்பிவிட்டு
இன்னொன்று எடுத்துக்கொண்டு போனாள்.
பக்கத்து வீட்டு ஓரலியா வேலிக்கு மேலாக வாங்கிக் கடித்தாள்,
ஒரு நிமிஷம் என்று விரலைக் காட்டி உள்ளே ஓடி
உப்பும் மிளகாய்த்தூளும் கொண்டுவந்தாள்.
என் கையிலும் அதே கிண்ணம்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணி கூப்பிட்டாள்,
இப்போது விஷயம் தெரிந்தவள்.
'மல்லிகா எப்படியிருக்கா?'
'அவ போய் நாலு வருஷமாச்சு அண்ணி.
இப்போ வேற ஒருத்தி.'
'பேரென்ன?'

வாயில் நார். நாக்கால் நெம்பிக்கொண்டே சொன்னேன்:
'இன்னும் கேக்கலை.'