நின்ற இடத்தில் தொண்ணூற்றொன்பது

என் சைக்கிள் கம்ப்யூட்டரை ரீங்க் கழற்றியது
சனிக்கிழமை, நான் பாலத்தில் வேலையாயிருந்தபோது.
கேட்கவில்லை.
கைப்பிடியில் ரப்பர் பட்டையின் தடம் மட்டும்
மோதிரம் கழற்றிய விரலாய் வெளுத்திருந்தது.

அவன் மோட்டார் சைக்கிள் முப்பத்தொன்பதாம் வருடத்தது.
வேகமானி இருந்த இடத்தில் ஒரு வட்டப் பள்ளம்.
அசல் வேண்டுமென்றால்
க்ரோனிங்கன்காரர் கேட்கிற விலைக்கு
எங்கள் சமையலறைத் தரை முழுக்க ஓடு பதிக்கலாம்.
"இது போதும்" என்றான்.
தீப்பெட்டியளவு திரை, ஒரே பொத்தான்,
கம்பிகூட இல்லை.
காந்தத்தை ஆரக்காலில் அச்சுக்கு ஒட்டி வைத்தான்;
விளிம்பில் வைத்தால் யார் தோட்டத்திலாவது போய் விழுமாம்.

பிறகு என்னைக் கூப்பிட்டான், அளவெடுக்க.
ஆள் உட்கார்ந்தால்தான் டயர் அமுங்கும்,
அமுங்கினால்தான் சுற்றளவு உண்மை பேசும்.
அவன் எடையில் நான் முக்கால்.
மிச்சத்துக்கு
என் மடியில் ஒரு மூட்டை உருளைக்கிழங்கு.
தரையில் ஒரு சாக்குக் கோடு,
சக்கரம் ஒரு முறை சுற்ற
இன்னொரு கோடு.
இரண்டாயிரத்து ஐம்பத்து நான்கு மில்லிமீட்டர்.
எதிர்வீட்டு ஹில்லெக்யே ஜன்னல் துடைப்பதை நிறுத்திவிட்டுப்
பார்த்துக்கொண்டிருந்தாள்.

மொத்தத் தூரத்தை அவன் அழிக்கவில்லை.
பதினோராயிரத்து நானூற்று எண்பத்திரண்டு கிலோமீட்டர்:
வீட்டுக்கும் பாலத்துக்குமாக
ஃப்ரீஸ்லாந்தின் காற்று முகத்திலறைய
நான் மிதித்தவை.
அதன்மேல் பெட்ரோல் ஊற்றித் தொடர்ந்தான்.

புதன்கிழமை பிற்பகல்.
ஜல்லி ஏற்றிய நீளப் படகு ஒன்று ஹாரன் அடித்தது.
மணியை ஒலிக்கவிட்டேன், தடுப்பை இறக்கினேன்,
சாலையைத் தூக்கி வானத்துக்குக் காட்டினேன்.
வரிசையின் முன்னால் ரீங்க்,
இன்ஜினை அணைக்காமல்.
அணைத்தால் திரும்பக் கிளம்புமா என்பது
அதன் மனநிலையைப் பொறுத்தது.
திடீரென்று இரண்டு கையாலும் எனக்குச் சைகை காட்டுகிறான்,
கீழே சுட்டுகிறான், தலையிலடித்துக்கொள்கிறான்.
தீப்பிடித்துவிட்டதோ என்று
தீயணைப்பானை எடுத்துக்கொண்டு
அறை வாசல்வரை ஓடினேன்.

"தொண்ணூற்றொன்பது புள்ளி ஒன்பது!" என்று கத்தினான்.
கால் இரண்டும் தரையில்.
ஓர் அங்குலம் நகரவில்லை.

மேக்னெட்டோவில் தெறிக்கும் ஒவ்வொரு பொறியையும்
அந்தச் சின்னத் திரை
சக்கரத்தின் சுற்றென்று நம்பியிருக்கிறது.
படகு மெதுவாகத்தான் போனது.
பத்து நிமிடம் நின்றதில்
பதினாறு கிலோமீட்டர் போயிருந்தான்.
எரித்த கலோரி என்று வேறு ஒரு கணக்கு;
அதைக் காட்டி அன்றிரவு
பட்டாணி சூப்பில் மூன்றாம் கிண்ணம் கேட்டான்.

நான் சூப்பைக் கிளறியபடி நினைத்தேன்:
அந்தக் கண்ணாடி அறையில் எனக்கு இருபத்திரண்டு வருடம்.
எல்லாரும் கடந்து போக, நான் மட்டும் அங்கேயே.
என் கழுத்தில் இதைக் கட்டியிருந்தால்
என்ன காட்டியிருக்கும்?
கேட்கவில்லை. உப்பு போட்டேன்.

ஞாயிறு, என் கைப்பிடிக்கே திரும்பிவிட்டது.
பிளக் மூடியை மாற்றினால் சரியாகுமென்று
அவனிடம் யாரோ சொன்னார்களாம்; இன்னும் மாற்றவில்லை.
சுற்றளவைத் திருத்தவும் மறந்துவிட்டான்.
இப்போது வீட்டிலிருந்து பாலத்துக்கு
ஆறு கிலோமீட்டர் இல்லை,
ஐந்தரைதான்.
நானும் திருத்தவில்லை.
பிப்ரவரிக் காற்றில் அரைக் கிலோமீட்டர்
சும்மா வருகிற பொருளா?

நேற்று அடுத்த பாலத்தில் காத்திருந்தேன்,
வேறொருத்தியின் தடுப்புக்கு முன்னால்.
பக்கத்தில் பந்தய உடை போட்ட இளைஞன்,
எடையே இல்லாத சைக்கிள்.
நேரம் பார்க்கப் பொத்தானை அழுத்தியதில்
என் திரையில் வந்து நின்றது:
அதிகபட்ச வேகம், 99.9.

அவன் பார்த்தான்.
என்னைப் பார்த்தான், என் மழைக்கோட்டை,
பின்கூடையில் முட்டைக்கோசை.

தடுப்பு உயர்ந்தது.
முட்டைக்கோசு உருளாமல் பையை இறுக்கிவிட்டுக்
கிளம்பினேன்.