விபத்து நடந்த தேதி

படிவத்தின் நான்காம் கேள்வி:
விபத்து நடந்த தேதி.
எட்டுச் சின்னக் கட்டங்கள்.
பேனை இடக்கையில்.
வலக்கை, இடுப்போடு கட்டிய தலையணையில்
வேறு யாருடையதோ போலக் கிடக்கிறது.

விழுந்தீர்களா? இல்லை.
வழுக்கியதா? இல்லை.
ஏதாவது வந்து மோதியதா?
ஓல்ட்டனுக்கு வெளியே பொதி மண்டபத்தில்
இரவு ஒன்பதிலிருந்து காலை ஐந்துவரை
பதினேழு குளிர்காலம் வந்து மோதியது.
நாய்த்தீனி மூட்டை. வைன் பெட்டி.
அளவில்லையென்று யாரோ திருப்பி அனுப்பிய சப்பாத்து,
அடுத்த கிழமை அதே பெயருக்கு அதே சப்பாத்து.
எந்தப் பெட்டி கடைசி இழையை அறுத்ததென்று
எனக்கும் தெரியாது, பெட்டிக்கும் தெரியாது.

விபத்தென்றால் ஒரு கந்தோர் காசு கட்டும்.
தேய்மானமென்றால் இன்னொன்று, அதுவும் அரைவாசி.
கடிதத்தில் தேய்மானம் என்றுதான் எழுதியிருந்தது.
ஐம்பத்தொரு வயதுக்கு வழமையானதாம்.
இரவு இரண்டு மணிக்குத் தோள் குத்துகிறபோது
எந்தக் கந்தோரின் வலி இது என்று
நான் அதைக் கேட்பதில்லை.

டொக்டர் ஹோஃப்ஸ்டெட்டர் படம் கீறிக் காட்டினார்:
எலும்பின் தலைக்கு மேலே தசைநாரின் தொப்பி,
விளிம்பில் இரண்டு சென்ரிமீற்றர் விட்டுப்போய்.
மூன்று துளை, இரண்டு ஆணி, நாலு நூல்.
சட்டையின் கைக்குழி பிரிந்ததைச் சொல்வதுபோல
அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்.
ஐந்து பேரில் ஒருவருக்குத் தையல் மறுபடி விடும் என்பதையும்
அதே குரலில்.

கழுத்தில் போட்ட ஊசியில்
பதினெட்டு மணிநேரம் கை விறைத்துக் கிடந்தது.
பிறகு விழித்தது. கடவுளே, விழித்தது.

ஆறு கிழமை கதிரையில் உறக்கம்.
ஜன்னலில் ஆரே நதியின் புகார்,
நாலரைக்கு பாசல் போகும் முதல் ரயில்.
கோணேஸ் என் தலையை இழுத்துக்கட்டப் பழகினான்,
அவனது ரெஸ்ரோறன்ற் குசினியில்
லீக்ஸ் கட்டிவரும் றப்பர் வளையத்தால்.
அவிழ்க்கையில் முடியோடு வரும்.
பேசாமல் இருந்தேன். அவனும்.

ஃப்ராவ் ஏஷ்லிமான் சொல்வாள்:
குனி. கையைத் தொங்கவிடு.
நீ ஆட்டாதே, உடம்பு ஆடட்டும்.
அதுதான் வரவில்லை எனக்கு.
தூக்காதே என்று ஒரு நாளும் யாரும் சொல்லாத கை.

பிறகு சுவர். விரல்களால் நடந்து ஏறவேண்டும்.
குசினிக் கதவோரம் ஏற்கனவே பென்சில் கோடுகள்,
நிரூஜன் வளர்ந்த உயரங்கள்.
மார்ச்சில் என் விரல் மூன்று வயது நிரூஜனைத் தொட்டது.
ஏப்ரல் முழுக்க நாலு வயதிலேயே நின்றது.
ஜூலையில் பதினொன்று.
சூரிச்சிலிருந்து வந்தவன் அதைப் பார்த்துவிட்டு
அம்மா என்னை எட்டிப் பிடிக்கிறாய் என்றான்.
பல்லைக் கடித்தபடி சிரித்தேன்.

எட்டாம் மாதம் மறுபடி ஸ்கான்.
டொக்டர் திரையைப் பார்த்தார்,
கையைத் தூக்கச் சொன்னார். தூக்கினேன், காதுவரை.
திரும்பவும் திரையைப் பார்த்தார்.
முன்பக்கம் கொஞ்சம் விட்டிருக்கிறது என்றார்.
நோகிறதா?
இரவில் இல்லை.
அப்படியானால்?
சுகமான இரண்டு தோள்களையும் உயர்த்தி
உதட்டைப் பிதுக்கினார்.

நான் அந்த ஐந்தில் ஒருத்தியா, நாலில் ஒருத்தியா?
அவரது அட்டவணையில் எங்கே எழுதினாரோ.
நான் வீட்டுக்கு வந்து
மேல்தட்டிலிருந்து மிளகாய்த்தூள் போத்தலை எடுத்தேன்.
வைத்தேன். திரும்பவும் எடுத்தேன்.

படிவம் இன்னும் மேசையில்.
இரண்டாம் முறை அனுப்பியிருக்கிறார்கள், அதே கட்டங்கள்.

ஃபத்மிரே இடைவேளையில் ஃபோன் எடுக்கிறாள்,
பின்னால் பெல்ட் ஓடும் சத்தம்.
என் இடத்தில் இப்போது அவள்தான்.
இடது தோள், என்கிறாள், கொஞ்சம்தான்,
தலைக்கு மேலே தூக்கினால் மட்டும்.

இன்றைக்கு என்ன தேதி, என்று கேட்டேன்.
ஏன்?
எழுதி வை.