பதினொன்றரைக் கிலோ

சத்தியமங்கலம் மார்க்கெட்டில் ஏலம் எடுத்த பூ
பள்ளிக்கூட மைதானத்துக்கு வந்துவிட்டது, ஈரச் சாக்குகளில்.
பி.டி. மாஸ்டர் சுண்ணாம்பில் வட்டம் போட்டு வைத்திருக்கிறார்.
கபடிக் கோடு அதன் குறுக்கே ஓடுகிறது.
தீயணைப்பு வண்டி வேப்ப மரத்தடியில்,
அதன் ஏணி நெடுகப் பொடியன்கள்.

"ஏனுங் கேப்டன், பூவை எதுக்குங்க நிறுக்கறீங்க?"
பொங்கியண்ணன் கேட்கிறார். நாற்பது தறி ஓட்டுகிறவர்,
கும்பாபிஷேகக் கமிட்டிப் பொருளாளர்.
நூலை நிறுக்காமல் வாங்குவீர்களா என்றேன்.
"அது காசுங்க. இது சாமி."

செவ்வந்தி பதினெட்டு.
சம்பங்கி பன்னிரண்டே கால்.
அரளி ஒன்பது.
தண்ணீர் தெளிக்க வந்தவரைத் தடுத்தேன்.
ஈரமும் எடைதான்.

இருபத்திரண்டு வருஷம் சீட்டா ஓட்டினேன்.
பிறகு நடுக்கடல் எண்ணெய்க் கிணற்றுக்கு ஆட்களை,
கேதாரத்துக்கு யாத்ரீகர்களை,
இரண்டு தேர்தலில், பெயர் சொல்லக் கூடாத ஒருவரை,
திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி மாப்பிள்ளையை
வீட்டிலிருந்து மண்டபத்துக்கு
(நாலு கிலோமீட்டர்; இறங்கியதும் தலைப்பாகை பறந்துவிட்டது)
என்று ஏற்றி ஏற்றி இறக்கி
இப்போது வெள்ளகோவில் தாண்டி
ஒரு கோபுரத்துக்குப் பூ.
சூலூரில் வீட்டுக் கடன் இன்னும் மூன்று வருஷம்.

பத்தொன்பதாயிரம் அடியில் காற்று
நீர்மோர் மாதிரி. விசிறிக்குப் பிடி கிடைக்காது.
அங்கே பேச்சே கிலோவில்தான்.
சீட்டைக் கழற்றிப் போடுவோம். கதவைக் கழற்றுவோம்.
என் சாப்பாட்டு டப்பாவைக்கூட
கீழே விட்டுவிட்டுத்தான் ஏறுவேன்.

அன்றைக்கு இரண்டு பேர். இடம் ஒருவனுக்கு.
வயிற்றில் பட்டவனை ஏற்றினோம்.
காலில் பட்டவன் தானாகவே தள்ளி உட்கார்ந்தான்.
பெயர் கேட்கவில்லை. எடை கேட்டேன்,
அடுத்த நடைக்கு எண்ணெய்க் கணக்குப் போட.
அறுபத்தெட்டு, பூட்ஸோடு, என்றான் இந்தியில்.
இரண்டு விரல் காட்டினேன். இருபது நிமிஷம்.
எழும்பும்போது எங்கள் காற்றே பனியைக் கிளப்பி
அவனை மறைத்தது.

மேகம் அடைத்துக்கொண்டது.
இருபது நிமிஷம் முடிந்தபோது
மறுநாள் காலை ஏழு மணி.
தூக்கினால் எழுபத்திரண்டு இருக்கும்.
தராசு ஏது அங்கே? இடது கை சொன்னது.
அதிகப்படி நாலு கிலோ பனி.
பெயரைப் பின்னால் ஒரு காகிதத்தில் பார்த்தேன்.
இங்கே எழுதப் போவதில்லை.

ஆனி மாதம். பாலக்காட்டுக் கணவாயிலிருந்து
தள்ளிக்கொண்டு வருகிறது காற்று.
அரளி மொத்தமும் மாட்டுக் கொட்டாய் மேல்.
சம்பங்கி தறிப்பட்டறை ஆஸ்பெஸ்டாஸில்.
"இன்னும் இடது பக்கம் சார்"
பின்னாலிருந்து மௌலி கத்துகிறான்.
மூன்றாவது சுற்றில் கலசத்தில் நாலைந்து இதழ்.
கீழே ஒரே நேரத்தில் எல்லாக் கையும் மேலே எழுந்தது.
கை தூக்கினால் நான் பார்ப்பதில்லை.
முள்ளைப் பார்ப்பேன். எண்ணெய் முள், வேக முள்.

இறங்கி, விசிறி நிற்பதற்குள்
பொங்கியண்ணன் ஓடி வந்தார், வேட்டியைப் பிடித்தபடி.
"கேப்டன், நம்ம மச்சானை மட்டும் ஒரு சுத்து..."
முடியாது என்றேன். அனுமதி பதினொன்று வரை.
மணி பத்து ஐம்பது.

அப்போதுதான் கண்ணில் பட்டது.
தீயணைப்பு வண்டியின் பின்சக்கரத்தோரம்
ஒரு கூடை செவ்வந்தி.
யாரோ ஓரமாக நகர்த்தி வைத்து மறந்திருக்கிறார்கள்.

"அது கெடக்குதுங்க, சாயங்காலம் மாலை கட்டிக்கலாம்."
மௌலி என்னைப் பார்த்தான். அவனுக்குத் தெரியும்.
தராசை எடுத்து வந்தான்.
"இதுக்குத் தனி பில்லுங்களா?"
இல்லை, என் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்றேன்.
அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.
"பெரிய பக்திமானுங்க நீங்க."

அதைத் திருத்த ஒன்பது நிமிஷம் போதாது.
எவ்வளவு மௌலி?
"பதினொன்றரை சார்."
ஏற்று.