இரண்டு நாற்பதுக்கு உடைந்த கதவு

சேதராப்பட்டில் எங்கள் கண்ணாடி ஆலை.
என் வேலை உடைப்பது.
நூறு தகட்டுக்கு ஒன்றை எடுத்து
ஓரத்தில் உளியால் ஒரு தட்டு.
பிறகு ஐந்து சென்டிமீட்டர் சதுரம் வரைந்து
உள்ளே எத்தனை துண்டென்று எண்ணுவேன்.
நாற்பதுக்குக் குறைந்தால் தேறாது.
நொறுங்கத் தெரிந்ததற்குத்தான் முத்திரை.

அறுநூற்றிருபது டிகிரியில் இளகக் காய்ச்சி
இரு பக்கமும் காற்றால் அறைவோம்.
தோல் முதலில் இறுகிவிடும்.
உள்ளிருப்பது அப்புறம் சுருங்கப் பார்க்கும்,
தோல் விடாது.
அந்தச் சண்டையைத்தான் பலம் என்று விற்கிறோம்.
வெட்டோ துளையோ நெருப்புக்கு முன்பே முடிய வேண்டும்.
பின்னால் ஓர் ஆணி அளவுகூட விட்டுக்கொடுக்காது.
பேருந்துச் சன்னல், நகைக்கடைக் கதவு,
கேஸ் அடுப்பின் மேல்தட்டு, உங்கள் செல்போனின் முகம்,
எல்லாம் இந்தச் சண்டைதான்.

புகார் வந்தது சுஃப்ரேன் வீதி விடுதியிலிருந்து.
ஏழாம் அறை, குளியலறைக் கதவு.
இரவு இரண்டு நாற்பது. அறையில் ஆளில்லை.
பட்டாசு என்று நினைத்தாராம் காவலாளி.
அன்று அந்த அறையைச் சுத்தம் செய்தது கொளஞ்சி,
ரெட்டிச்சாவடியிலிருந்து ஆறு மணி பஸ்ஸில் வருபவள்.
வாளி இடித்திருக்கும் என்றார் மேலாளர்,
அப்போதே விரிந்து ராத்திரி விழுந்திருக்கும்.
சம்பளத்தில் எட்டாயிரம்.
அவள் சொன்னது ஒரே வரி:
"நான் ஈரத்துணிதாங்க வெச்சேன்."

மூடுபனி மாதிரி ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்ததால்
பாதிக் கதவு கொட்டாமல் தொங்கிக்கொண்டிருந்தது.
இத்தனை அதிர்ஷ்டம் எங்களுக்கு வாய்ப்பதில்லை.
டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து
கோடுகள் கிளம்பிய இடம் தேடி
விரலால் பின்னோக்கி நடந்தேன்.
வாளி இடித்தால் அடிவிளிம்பில் தொடங்கும்.
இது என் மார்பு உயரத்தில், நட்டநடுவில்.
மற்றதைவிடக் கொஞ்சம் பெரிதாய் இரண்டு துண்டுகள்
முதுகோடு முதுகு ஒட்டி,
சிறகு விரித்த பட்டாம்பூச்சி.
நடுக்கோட்டில் கடுகில் பத்தில் ஒன்றாய்
ஒரு கருப்பு.
நிக்கல் கல். உருகும்போதே உள்ளே போனது.
மூன்று வருடம் மெல்லப் பெருத்து
ஒரு மாசி இரவில், யாரும் தொடாத நேரத்தில்
முடிவெடுத்திருக்கிறது.

கொளஞ்சியைக் கூப்பிட்டு லென்சைக் கொடுத்தேன்.
ஒரு கண்ணை மூடி வெகுநேரம் பார்த்தாள்.
"இதுக்கா எட்டாயிரம்?"

இனி என் பக்கத்துக் கதை.
அந்தக் கல்லைப் பிடிக்கவென்றே ஆலையில் ஓர் அடுப்பு உண்டு.
இருநூற்றுத் தொண்ணூறில் ஊறவைத்தால்
வெடிக்க வேண்டியது அங்கேயே வெடிக்கும்.
கரண்ட் பில் ஏறிய வருடம் அதை நிறுத்தினோம்.
கதவு அந்த வருடத்தது.
மூலை முத்திரைக்குக் கீழே தொகுதி எண்,
அந்தத் தொகுதிக்குத் துண்டு எண்ணியது நான்.
"காரணம் தெரியலைன்னு போடுங்க அமுதரசன்,"
போனில் முதலாளி.
அப்படி எழுத ஒரு பட்டாம்பூச்சியைத் தொலைக்க வேண்டும்.
சுலபம். சட்டைப்பை போதும்.

மிச்சத்தை எமில்டா அள்ளிப் போனார்,
முத்தியால்பேட்டையில் பட்டறை வைத்திருப்பவர்.
நீலம் பூசிய பலகையில் கொத்துக் கொத்தாய்ப் பதித்து
இடுக்கெல்லாம் சாந்து தேய்த்து
விடுதி வரவேற்பறைக்கே கடலாக்கித் தந்தார்.
"வெட்டவே வேணாம், தானே வெட்டிக்கிட்டு வருது."
வருகிறவர்கள் முன்னால் நின்று படம் எடுக்கிறார்கள்.
அலையின் நுனியில் ஓரிடம் வெறும் சாந்து,
ஒரு ரூபாய்க் காசு அளவு.
அங்கே இருந்திருக்க வேண்டியது
என் அறிக்கையின் மூன்றாம் பக்கத்தில்
செலோடேப்புக்குக் கீழே இருக்கிறது.

பிடித்த பணம் அடுத்த மாதம் வரும் என்றிருக்கிறார்கள்.
எனக்கு என்ன வரும் என்று இன்னும் கடிதமில்லை.

புதுக் கதவு மாட்டிய அன்று
கொளஞ்சி அதை விரல்முட்டியால் இரண்டு தட்டு தட்டி
காதை வைத்தாள்.
"உள்ள யாராச்சும் இருக்கீங்களா?"